ஏறுவது ஓர் ஊர், இறங்குவது வேறூர்: கப்பல் பயணத்துக்கு விமான டிக்கெட் போடும் முழு வழிகாட்டி

"தம்பி, கப்பல் டிக்கெட்டும் போட்டாச்சு, பிளேன் டிக்கெட்டும் போட்டாச்சு. போக வர கேப் டவுன்தான்" என்று தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் ஆன்ட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சந்தோஷமாகச் சொன்னார். கப்பல் டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஏறும் இடம் கேப் டவுன். இறங்கும் இடம் மொரீஷியஸில் போர்ட் லூயிஸ். அவர் கப்பலை விட்டு இறங்கும் அதே நாள் மாலையில், அவருடைய திரும்பும் விமானம் கேப் டவுனிலிருந்து கிளம்புகிறது. இரண்டுக்கும் நடுவில் சுமார் 4,000 கிலோமீட்டர்.

ஆன்ட்டி கவனமில்லாதவர் இல்லை. டர்பனில் நாம் பார்த்துப் பழகிய கப்பல்கள் பாயின்ட் துறைமுகத்தில் ஏற்றி, மூன்று நான்கு இரவு மொசாம்பிக் பக்கம் சுற்றிக் காட்டி, ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும். மகனோ மருமகளோ காரில் கொண்டுபோய் விட்டால் போதும். ஓர் ஊரில் ஏறி இன்னோர் ஊரில் இறங்கும் பயணத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

நான் டர்பனுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. எங்கள் வீட்டுக்காக மூன்று முறையும், கோவிலில் பழகியவர்களுக்காகப் பல முறையும் இந்த டிக்கெட் வேலையைச் செய்திருக்கிறேன். ஒரு முறை தவறாகவும் செய்தேன், அதையும் கீழே சொல்கிறேன். இத்தனையிலும் நான் கற்றது ஒன்றுதான்: விலையைப் பார்க்கும் முன், தாமதமானால் பொறுப்பு யாருடையது என்று பாருங்கள். விமானம் தாமதமானால் அடுத்த விமானத்தில் போகலாம். கப்பல் போய்விட்டால் அடுத்த கப்பல் கிடையாது.

1. கப்பல் டிக்கெட்டை நிதானமாகப் படியுங்கள்

விமான இணையதளத்தைத் திறக்கும் முன், ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதுங்கள்: ஏறும் துறைமுகம், அங்கே செக்-இன் மூடும் நேரம், இறங்கும் துறைமுகம், கப்பல் கரை சேரும் நேரம்.

செக்-இன் மூடும் நேரமும் கப்பல் புறப்படும் நேரமும் ஒன்றில்லை. மாலை 5 மணிக்குக் கப்பல் என்றால், பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே, சில கப்பல்களில் அதற்கும் முன்பே கதவை மூடிவிடுவார்கள். பயணிகள் பட்டியலைத் துறைமுக அதிகாரிகளிடம் கொடுத்துவிட்ட பிறகு ஒருவரைச் சேர்ப்பது கப்பல்காரர் நினைத்தாலும் நடக்காது.

அப்புறம், துறைமுகத்தின் பெயர். விளம்பரத்தில் 'ரோம்' என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பது சிவிடவெக்கியாவில், ஃபியூமிச்சினோ விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளி. 'பாரிஸ்' என்றால் லே ஆவ்ர், 200 கிலோமீட்டர். 'லண்டன்' பெரும்பாலும் சவுத்தாம்ப்டன், ஹீத்ரோவிலிருந்து 100 கிலோமீட்டர். வெனிஸ் இன்னும் சிக்கலானது. 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்களை ஊருக்குள் இருக்கும் கால்வாய் வழியாக விடுவதில்லை, அதனால் 'வெனிஸ்' என்று விற்கும் பயணங்கள் பல ரவென்னாவிலோ ட்ரியெஸ்டேயிலோ முடிகின்றன. அலாஸ்கா பயணம் வான்கூவரில் தொடங்கி சூவர்டில் முடிந்தால், அங்கிருந்து ஆங்கரேஜ் விமான நிலையம் 200 கிலோமீட்டர்.

நம் பக்கத்தில் கேப் டவுன் சுலபம். கப்பல் நிற்கும் இடம் வாட்டர்ஃப்ரன்டை ஒட்டியே இருக்கிறது, விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர்தான். மொரீஷியஸ் அப்படியில்லை. துறைமுகம் தீவின் வடமேற்கில், விமான நிலையம் தென்கிழக்கில் பிளெசான்ஸில். நடுவில் 45 கிலோமீட்டருக்கு மேல், தீவையே குறுக்காகக் கடக்க வேண்டும்.

2. இரண்டு பக்கமும் இடைவெளி விடுங்கள்

கப்பல் புறப்படும் நாள் காலையில் விமானம் ஏறிப் போவதை நான் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. டர்பனிலிருந்து கேப் டவுன் இரண்டு மணி நேரம் சொச்சம்தானே என்பார்கள். அந்த ஒரு விமானம் ரத்தானால் அடுத்ததில் இடம் இருக்குமா என்பதுதான் கேள்வி. டிசம்பர் பள்ளி விடுமுறையில் பெரும்பாலும் இருக்காது. முந்தின நாளே போய் ஒரு ராத்திரி தங்குங்கள். ஐரோப்பா, அமெரிக்கா என்றால் இரண்டு ராத்திரி. ஒரு நாள் தாமதத்துக்கு, ஒரு நாள் உடம்புக்கு. லக்கேஜ் வேறு விமானத்தில் போய்விட்டாலும் அந்த இரண்டாம் நாள்தான் கைகொடுக்கும்.

நம் கடலுக்கென்று ஒரு தனிக் காரணமும் உண்டு. இங்கே கப்பல் சீசன் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. தென்மேற்கு இந்துமாக் கடலில் புயல் சீசனும் அதே மாதங்கள்தான், ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனது, விமான நிலையத்தையும் மூடினார்கள். கேப் டவுனில் கோடையில் அடிக்கும் தென்கிழக்குக் காற்று பலமாக இருந்தால் துறைமுகமே வேலையை நிறுத்திக் காத்திருக்கும்.

இறங்கும் நாளுக்கு வருவோம். கப்பல் காலை 6 மணிக்குக் கரை சேர்ந்தாலும், லக்கேஜ் வரிசை, குடியேற்றச் சோதனை எல்லாம் முடிந்து வெளியே வர 9, 10 மணி ஆகிவிடும். அதன் பிறகு சாலைப் பயணம், வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னதாகப் போவது எல்லாம் சேர்த்தால், போர்ட் லூயிஸில் பிற்பகல் 3 மணிக்கு முன் கிளம்பும் விமானத்தைத் தொடாதீர்கள். முடிந்தால் அங்கேயும் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள்.

இது வீண் பயம் இல்லை. 2024 பிப்ரவரியில் கேப் டவுனிலிருந்து போன ஒரு கப்பலில் சிலருக்கு வயிற்றுக் கோளாறு ஏற்பட, காலராவாக இருக்குமோ என்று ரீயூனியன் தீவு அந்தக் கப்பலை அனுமதிக்கவில்லை. 25ஆம் தேதி போர்ட் லூயிஸில் இறங்க வேண்டியவர்களைப் பரிசோதனை முடிவு வரும் வரை கப்பலிலேயே வைத்திருந்தார்கள். காலரா இல்லை என்று தெரிந்த பிறகு 27ஆம் தேதிதான் இறங்க முடிந்தது. 25ஆம் தேதி விமானம் வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் இடைவெளி கூட அங்கே போதவில்லை. ஆனால் மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டும் இன்சூரன்ஸும் இருந்தவர்களுக்கு வழி இருந்திருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், நம்மவர்கள் மறக்கக் கூடாதது. மொரீஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. மகா சிவராத்திரியை ஒட்டிப் பல நாட்கள் கங்கா தலாவோ புனித ஏரிக்கு நடந்து போகும் பக்தர்களால் சாலைகள் நிறைந்திருக்கும். நீங்கள் இறங்கும் நாள் இவற்றில் விழுகிறதா என்று பஞ்சாங்கம் பார்த்து, டாக்சியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

3. எந்த வகை டிக்கெட்

தேதிகள் கைக்கு வந்துவிட்டன. இனிதான் விமான இணையதளம். சாதாரணமாக நாம் 'போக வர' என்ற பொத்தானை அமுக்குவோம். அதன் பக்கத்திலேயே 'மல்டி சிட்டி' என்று ஒன்று இருக்கும். பார்சிலோனாவில் ஏறி ரோமில் இறங்கும் கப்பல் என்று வையுங்கள். மல்டி சிட்டியைத் தேர்ந்தெடுத்து, முதல் வரியில் டர்பன் – பார்சிலோனா என்றும் இரண்டாம் வரியில் ரோம் – டர்பன் என்றும் போடுங்கள். டிராவல் ஏஜென்ட்கள் இதை 'ஓப்பன் ஜா' என்பார்கள், திறந்த தாடை என்று பொருள். வரைபடத்தில் கோடு போட்டால் நடுப்பகுதி திறந்திருக்கும், அந்த இடைவெளியைக் கப்பல் நிரப்புகிறது.

நீண்ட தூரப் பயணத்துக்கு இதுதான் முதல் தேர்வு. பெரிய விமான நிறுவனங்கள் பல வழித்தடங்களில் ஒருவழி டிக்கெட்டுக்கு அதிக விலை வைக்கும். இரண்டு ஒருவழி டிக்கெட் சேர்ந்தால் போக வர விலையைத் தாண்டிவிடும். மல்டி சிட்டியில் பெரும்பாலும் போக வர விலைக்குப் பக்கத்திலேயே வரும். எமிரேட்ஸ் போல, டர்பனிலிருந்து துபாய் வழியாக பார்சிலோனா, ரோம் இரண்டுக்கும் போகும் ஒரே நிறுவனமாகப் பார்த்தால் வேலை சுலபம். எல்லாம் ஒரே பதிவு எண்ணில் இருப்பதால், துபாயில் இணைப்பு விமானம் தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது.

உள்நாட்டுப் பயணத்துக்குக் கணக்கு வேறு. ஃப்ளைசஃபேர், லிஃப்ட் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியாகத்தான் விலை வைக்கின்றன. போக வர என்று வாங்கினாலும் இரண்டு ஒருவழியின் கூட்டுத்தொகைதான். அதனால் டர்பன் – கேப் டவுன் மட்டும் ஒருவழியாக வாங்குவதில் நஷ்டமே இல்லை. முந்தின நாளே போய்விடுவதால், அது தனி டிக்கெட்டாக இருப்பதிலும் ஆபத்து குறைவு.

மூன்றாவது வழி, கப்பல் நிறுவனமே விமானத்தையும் சேர்த்துப் போட்டுத் தருவது. தாமதமானால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அது பெரிய நிம்மதி. குறை என்னவென்றால், எந்த விமானம், எங்கே மாறுவது என்பதைச் சில சமயம் பணம் கட்டிய பிறகுதான் சொல்வார்கள். வயதானவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால், சற்று விலை கூடினாலும் இதைத்தான் நான் சொல்வேன். வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு நாள் முன்னதாகப் போக முடியுமா, இரவு இரண்டு மணிக்கு ஆளில்லாத விமான நிலையத்தில் ஆறு மணி நேரம் உட்கார வைப்பீர்களா?

மல்டி சிட்டி விலை மிக அதிகமாக வந்தால் இன்னொரு வழி உண்டு. இறங்கும் ஊருக்குப் போக வர டிக்கெட் வாங்கி, அங்கிருந்து ஏறும் ஊருக்குச் சின்ன விமானமோ ரயிலோ பிடிப்பது. டர்பன் – ரோம் – டர்பன், அதோடு தனியாக ரோம் – பார்சிலோனா. இப்படிச் செய்தால் நடுவில் ஒரு ராத்திரி கட்டாயம்.

ஒரு எச்சரிக்கை. போக வர டிக்கெட்டில் முதல் பகுதியில் ஏறாமல் விட்டால், பொதுவாக மீதி எல்லாப் பகுதியும் தானாக ரத்தாகிவிடும். 'எனக்குத் திரும்பும் பகுதி மட்டும் போதும்' என்று மலிவாக ஒரு போக வர டிக்கெட் வாங்கிப் பாதியைப் பயன்படுத்த நினைக்காதீர்கள்.

4. ஜோஹன்னஸ்பர்க்: நான் தவறு செய்த இடம்

மொரீஷியஸிலிருந்து டர்பன் வர பெரும்பாலும் ஜோஹன்னஸ்பர்க் வழிதான். முதல் முறை எங்கள் குடும்பத்துக்கு நானே டிக்கெட் போட்டபோது, போர்ட் லூயிஸ் – ஜோஹன்னஸ்பர்க் ஒரு நிறுவனத்திலும், ஜோஹன்னஸ்பர்க் – டர்பன் இன்னொரு நிறுவனத்திலும் மலிவாகக் கிடைத்தது. நடுவில் 1 மணி 40 நிமிடம். தாராளம் என்று நினைத்தேன்.

முதல் விமானம் 35 நிமிடம் தாமதம். ஜோஹன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் பாஸ்போர்ட் வரிசை வளைந்து வளைந்து நின்றது. அதன் பிறகு லக்கேஜ் பெல்ட். அம்மாவின் பெட்டியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தோம். பெல்ட்டில் ஒவ்வொரு பெட்டியாக வர வர, அம்மா "இது இல்லை, இது இல்லை" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ரிப்பன் கண்ணில் பட்டபோது டர்பன் விமானத்தின் செக்-இன் மூடி 10 நிமிடம் ஆகியிருந்தது. அது அன்றைய கடைசி விமானம். இரண்டாவது நிறுவனத்தின் கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் முதல் விமானத்தின் தாமதத்துக்கு அவர்கள் என்ன செய்ய முடியும்? மறுநாள் காலைக்கு நான்கு புது டிக்கெட், ஓர் அறை வாடகை. மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு போனது. அம்மாவுக்கு அப்போது 71 வயது.

தென்னாப்பிரிக்காவுக்குள் வரும்போது, முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி கொடுக்க வேண்டும். பெட்டியில் 'டர்பன்' என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் பொதுவாக இதுதான் நடைமுறை. அதனால் ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் இரண்டரை மணி நேரம் வையுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் நான்கு மணி நேரம், அதுவும் அன்றைய கடைசி விமானமாக இருக்கக் கூடாது.

5. எப்போது வாங்குவது

கப்பல் பயணத்தை ஒன்றரை, இரண்டு வருடம் முன்பே விற்கிறார்கள். விமான நிறுவனங்கள் பொதுவாக 11, 12 மாதம் முன்புதான் டிக்கெட்டைத் திறக்கும். அதனால் கப்பலைப் பதிவு செய்த அன்றே விமானம் தெரியவில்லை என்று பதற வேண்டாம். மல்டி சிட்டியில் கடைசிப் பகுதியின் தேதியும் திறந்தால்தான் முழு டிக்கெட் வரும். 12 இரவுப் பயணம் என்றால், போகும் விமானம் தெரிய ஆரம்பித்து இரண்டு வாரம் பொறுத்துத் தேடுங்கள்.

டிசம்பர், ஈஸ்டர் பயணங்களுக்குத் திறந்தவுடன் வாங்கிவிடலாம். மற்ற மாதங்களுக்கு ஐந்தாறு மாதம் முன்பு போதும். மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது தகும். கப்பல் நிறுவனம் பாதையையோ துறைமுகத்தையோ மாற்றினால், நீங்கள் தனியாக வாங்கிய விமான டிக்கெட்டுக்குப் பொதுவாக அவர்கள் பொறுப்பேற்பதில்லை.

6. விசா

மொரீஷியஸுக்குத் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டில் விசா வேண்டாம். ரீயூனியன் பிரான்சுடையது என்றாலும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் சேராது. ஷெங்கன் விசா இருந்தால் அங்கும் செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள், தனியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஐரோப்பியப் பயணத்தில் எத்தனை முறை உள்ளே நுழையும் விசா என்பதுதான் முக்கியம். பார்சிலோனாவில் ஏறி ஏதென்ஸில் இறங்கும் கப்பல் நடுவில் துருக்கியிலோ மான்டினீக்ரோவிலோ நின்றால், நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியே போய் மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை விசா அங்கேயே முடிந்துவிடும். விண்ணப்பத்தில் கப்பலின் முழுப் பாதையையும் வைத்து, பலமுறை விசா கேளுங்கள்.

செக்-இன் கவுன்டரில் ஒருவழி டிக்கெட்டோடு நின்றால், திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்பார்கள். கப்பல் டிக்கெட், இறங்கும் ஊரிலிருந்து வீட்டுக்கு வரும் விமான டிக்கெட் இரண்டையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். போனில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தைக் கவனியுங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து தென்னாப்பிரிக்கா திரும்பினால், தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள்.

7. பெயர், பெட்டி, சாப்பாடு

கோவெண்டர், பிள்ளை, நாயுடு என்று குடும்பப் பெயர் உள்ள இங்குள்ளவர்களுக்குச் சிக்கல் இல்லை. என்னைப் போல் இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருப்பவர்கள், கப்பல் பதிவிலும் விமானப் பதிவிலும் ஒரே மாதிரி வரும்படி இரண்டு இடத்திலும் போன் செய்து கேட்டு எழுதுங்கள். அப்பா பெயரை ஓரிடத்தில் சேர்த்து ஓரிடத்தில் விட்டால் வம்பு.

கப்பலில் பெட்டிக்கு எடைக் கட்டுப்பாடு தளர்வு. விமானத்தில் அப்படியில்லை, உங்கள் பயணத்திலேயே மிகக் குறைந்த எடை அனுமதிக்கும் விமானம் எதுவோ அதுதான் உங்கள் அளவு. சூடம் விமானத்தில் கூடாது. ஊதுபத்தி, விளக்கு ஏற்றுவது கப்பலில் கூடாது. சாமிப் படமும் விபூதியும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு முக்கியமான குறிப்பு. விமான உணவுப் பட்டியலில் 'இந்து உணவு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கறி வரக்கூடும், மாட்டிறைச்சி இருக்காது. உங்களுக்கு வேண்டியது 'ஆசிய சைவ உணவு', குறியீடு ஏவிஎம்எல். ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். புரட்டாசியில் பயணம் போகிறவர்கள் இதை இரண்டு முறை பாருங்கள்.

8. இன்சூரன்ஸ்

மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். அது கப்பல் தவறியதற்குப் பணம் தராது. பாலிசியில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: கப்பல் பயணத்துக்கான பாதுகாப்பு, புறப்பாடு தவறினால் இழப்பீடு, தனிமைப்படுத்தல் அல்லது தாமதத்தால் கூடுதலாகத் தங்கும் செலவு. தனித்தனி டிக்கெட்டுகளுக்கு நடுவில் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் இருக்க வேண்டும் என்று பல பாலிசிகள் நிபந்தனை போடும், அதைத் தேடிப் படியுங்கள். கப்பலுக்கு முன்பணம் கட்டிய அன்றே வாங்குங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கினால் அந்தப் புயலுக்குப் பலன் இல்லை.

9. வாங்கிய பிறகு

மாதம் ஒரு முறை பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். விமான நேரத்தை மாற்றிவிட்டு அனுப்பும் மின்னஞ்சல் பல நேரம் குப்பைப் பெட்டியில் கிடக்கும். டிக்கெட்டில் உள்ள நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். மொரீஷியஸ் நம்மைவிட 2 மணி நேரம் முன்னால். கப்பலில் இரவோடு இரவாகக் கடிகாரத்தை மாற்றுவார்கள், உங்கள் போன் மாறாமல் இருக்கலாம். இறங்கும் நாளுக்கு முந்தின இரவு அறைக்கு வரும் தாளைப் பார்த்து அலாரம் வையுங்கள்.

ஆன்ட்டியின் டிக்கெட்டை எப்படிச் சரிசெய்தோம் என்று சொல்கிறேன். கேப் டவுனுக்குப் போகும் பகுதி கப்பல் நாள் காலையில் இருந்தது, கட்டணம் கட்டி முந்தின நாள் மதியத்துக்கு மாற்றினோம். திரும்பும் பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டோம், கடைசிப் பகுதி என்பதால் வேறு எதுவும் ரத்தாகவில்லை. போர்ட் லூயிஸ் – ஜோஹன்னஸ்பர்க் – டர்பன் ஒரே டிக்கெட்டாக, இறங்கிய மறுநாளுக்குப் போட்டோம். தங்கும் இடம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மாயேபூரில். எல்லா நேரங்களையும், கப்பல் நிறுவனத்தின் அவசர எண்ணையும், டாக்சிக்காரர் எண்ணையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று ஆன்ட்டியின் கைப்பையில், ஒன்று அங்கிளின் சட்டைப் பையில்.